கேள்வி: ஆயுதங்களை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும், படையினரை ஆதரிக்க வேண்டும் என்பதைப் பற்றி வன்னியில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கேட்டவர் தெற்கிலோ வெளிநாட்டிலோ இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இலங்கை இராணுவமே செய்கிற யூனிபஃபல் கவச வாகனத்தைக் காட்டி, "இது பெருமை இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிலத்தில் புதைத்த வெடிக்குத் தப்புவதற்காகச் செய்த வாகனம் அது. அந்த வெடிகளில் ஒரு பகுதியும் உள்நாட்டு உற்பத்திதான். அவற்றைத் தோண்டி எடுத்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

முகமாலையில் ஆறு வருடம் மிதிவெடி அகற்றினேன். 2009இன் ஆரம்பம் வரை பல வருடங்கள் இராணுவமும் புலிகளும் எதிரெதிரே நின்ற முன்னரங்கு அது. மண் முழுக்க எறிகணைச் சிதறல். உலோகம் காட்டும் கருவியைப் பிடித்தால் ஓயாமல் கத்தும். ஆகவே முழங்காலில் இருந்து, விறாண்டியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்ப்போம். வெயிலில் முகக்கவசத்துக்குள் வியர்வை கண்ணில் இறங்கும். துடைக்கக் கை எடுக்க முடியாது.

இராணுவம் புதைத்தவற்றில் பாகிஸ்தானில் செய்த பி-4 வரும். புலிகள் புதைத்தவற்றில் இங்கேயே செய்த ஜொனி வரும். ஜொனி மரப்பெட்டி. ஒரு மாரி முடிந்த கையோடு எனக்கு அகப்பட்ட ஜொனியில் பலகை ஊறி, விறாண்டியோடு துண்டாக வந்துவிட்டது. உள்ளே இருந்த வெடிமருந்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மூலைகளை மட்டும் யாரோ தச்சுவேலை தெரிந்தவர் ஒழுங்காகப் பொருத்தியிருந்தார். என் அப்பாவும் தச்சர். அன்று பின்னேரம் வரை எனக்குக் கை நடுங்கியது.

மீள்குடியேறிய புதிதில் விறகு பொறுக்கப் போன என் அண்ணன் ஒரு காலை இழந்தார். எந்தப் பக்கத்து வெடி என்று இன்றும் தெரியாது. இப்படி எழுதினால் ஒரு சாரார் என்னைத் துரோகி என்பார்கள், மறு சாரார் புலி என்பார்கள். இரு பக்கத்து வெடியையும் எடுத்த கை இது. யாருக்கும் பயந்து பாதியை மறைக்க மாட்டேன்.

மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில்தான் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்க 2028 ஜூன் வரை தவணை. எந்த ஆயுதத்தைச் செய்தாலும், அதை எடுத்து முடிக்கும் செலவையும் அதன் விலையிலேயே சேர்த்துக் கணக்குப் பாருங்கள் என்பதே என் பதில்.

படையினரை ஆதரிப்பதா? பக்கத்துத் துண்டில் இராணுவத்தின் வெடி அகற்றும் பிரிவும் எங்களைப்போல் முழங்காலில்தான் இருந்தது. ஊனமுற்ற படையினர் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பில் வீதியில் இருந்தார்களே, அவர்களுக்குக் கொடுங்கள், மனதார ஆதரிப்பேன். சனங்களின் காணியைப் படையினர் பிடித்து வைத்திருப்பது வேறு விடயம். முல்லைத்தீவில் கேப்பாப்புலவு மக்கள் 2017இல் இரவு பகலாக வீதியில் இருந்துதான் ஒரு பகுதியை மீட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலை முடிந்தபின் கோழி வளர்க்க நுண்கடன் எடுத்தேன். தவணை ஒரு கிழமை பிந்தியதும் கடன் அறவிடுகிற பிள்ளைகள் வளவுக்குள் வந்து, பொழுதுபடும் வரை திண்ணையில் இருந்தார்கள். மிதிவெடிக் காணியில் ஆறு வருடம் நிமிர்ந்து நடந்தவள், அன்று என் சொந்தக் குசினிக்குள் ஒளிந்திருந்தேன். பாதுகாப்புக்குக் கோடி கோடியாக ஒதுக்குகிறவர்கள் இதை ஏன் பார்ப்பதில்லை?