எல்லையில் காத்திருக்கும் நோயாளிகள்: காசா குறித்துச் சில கேள்விகளும் பதில்களும்

முற்றுகைக்குள் சிக்கிய மக்களுக்கு மருத்துவம் எப்படித் தடைபடுகிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். போர்க்காலச் சட்டம் நான் நெடுங்காலமாகக் கற்பித்துவரும் பாடம். பெரும்பாலான கேள்விகள் காசாவைப் பற்றியவை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஐயா, காசாவிலேயே மருத்துவமனைகள் இருந்தனவே. நோயாளிகள் ஏன் எல்லை தாண்ட வேண்டும்?

மருத்துவமனைகளும் இருந்தன, தேர்ந்த மருத்துவர்களும் இருந்தார்கள். ஆனால் 2007 ஜூனில் இஸ்ரேலின் முற்றுகை இறுகிய பிறகு கருவிகளும் உதிரி பாகங்களும் மருந்துகளும் தட்டுப்பாடின்றி வந்த காலமே இல்லை. புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சை காசாவில் கிடையாது. மார்பகப் புற்றுநோய் வந்த பெண் அறுவைச் சிகிச்சையைக் காசாவில் செய்துகொள்ள முடிந்தது. கதிர்வீச்சுக்குக் கிழக்கு ஜெருசலேமின் அகஸ்தா விக்டோரியா மருத்துவமனைக்குப் போயாக வேண்டியிருந்தது. தூரம் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. இடையில், காசாவிலிருந்து இஸ்ரேலுக்குள் நுழையும் இடத்தில், எரெஸ் சோதனைச் சாவடி இருந்தது, அதுதான் சிக்கல்.

விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணம் சொல்வார்களா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் போர் தொடங்கும் முன்பிருந்த நடைமுறை இது. காசா மருத்துவர் பரிந்துரைக் கடிதம் எழுதுவார். பாலஸ்தீனச் சுகாதார அமைச்சகம் செலவை ஏற்கும். வெளி மருத்துவமனை ஒரு தேதி கொடுக்கும். அதன் பிறகே பயண அனுமதிக்கான விண்ணப்பம் இஸ்ரேலிய அதிகாரிகளிடம் போகும். பலருக்கு வந்த பதில் ‘முடியாது’ என்பதல்ல, ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதுதான். சிகிச்சைத் தேதி கடந்துவிடும். மறுபடி தேதி வாங்கி, மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். கட்டிக்கு இந்தக் காத்திருப்பு தெரியாது, அது வளர்ந்துகொண்டே போகும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2012இல் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட விண்ணப்பங்களுக்கு அனுமதி கிடைத்தது. 2017இல் அது 54 விழுக்காடாகச் சரிந்தது. அந்த ஆண்டு வெளிப்படையாக மறுக்கப்பட்டவை சொற்பம். எஞ்சியவற்றில் பெரும்பகுதிக்குத் தேதிக்குள் பதிலே வரவில்லை. அனுமதி மறுக்கப்பட்டோ தாமதமாகியோ அதே ஆண்டு 54 பேர் இறந்ததாக அல் மெசான் மனித உரிமை மையம் பதிவு செய்தது. அவர்களில் 46 பேர் புற்றுநோயாளிகள். ‘நாங்கள் மறுக்கவே இல்லையே’ என்று ஓர் அதிகாரி சொல்வது எழுத்தளவில் உண்மையாக இருக்கலாம். அந்த வாதத்தை நான் ஏற்கமாட்டேன்.

துணைக்குப் போகிறவருக்கும் தனி விண்ணப்பம் இருந்தது. குழந்தைக்கு அனுமதி வரும், தாய்க்கு வராது. வயதானவர்களுக்குப் பாதுகாப்புச் சோதனை எளிதாக முடியும் என்பதால் பாட்டியை அனுப்புவார்கள். மருந்து ஏறும் நேரமெல்லாம் பிள்ளை அம்மாவைக் கேட்டு அழும்; அம்மா தொலைபேசியின் மறுமுனையில் இருப்பாள்.

மருந்துப் பெட்டியில் ஆயுதம் வராது என்று எப்படி நம்புவது? அரசுக்குப் பாதுகாப்பு முக்கியமில்லையா?

முக்கியம்தான். அதனால்தான் நான்காம் ஜெனிவா உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு, பொதுமக்களுக்கான மருந்துகளைத் தடையின்றி அனுப்பச் சொல்லும்போதே, அவை திசைமாறிப் போகாதபடி நிபந்தனைகள் விதிக்கவும் கண்காணிக்கவும் இடம் தருகிறது. பெட்டியைத் திறந்து பாருங்கள், பட்டியலைச் சரிபாருங்கள். சோதிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் முடக்கிப்போடுவது வேறு சங்கதி. கடல் முற்றுகை பற்றிய 1994ஆம் ஆண்டு சான் ரெமோ கையேடும் மருந்துகளுக்கு வழிவிடச் சொல்கிறது.

வணக்கம் ஐயா. நான் முல்லைத்தீவுக்காரி. 2009இல் மயக்கமருந்து இல்லாமல் கால் எடுத்ததை நேரில் கண்டேன். எங்களுக்கு நடந்ததும் இதுதானா?

ஆம் அம்மா, இதுதான். போதிய மருந்துகள், குறிப்பாக அறுவைச் சிகிச்சைக்கானவை, வன்னிக்குள் போகவிடப்படவில்லை என்பதை ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் மட்டுமே காயமடைந்தவர்களைக் கரையிலிருந்து ஏற்றிச் சென்றது. மே மாதம் அதுவும் நின்றது. 2024 நவம்பரில் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவுக்கும் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் காலன்ட்டுக்கும் பிடியாணை பிறப்பித்தபோது, காசாவில் மயக்கமருந்தின்றி உறுப்புகள் அகற்றப்பட்டதைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. வன்னிக்காக இதுவரை எந்தச் சர்வதேச நீதிமன்றமும் பிடியாணை பிறப்பிக்கவில்லை. நீங்கள் கண்டதைத் தேதியோடும் இடத்தோடும் எழுதிவையுங்கள் என்று உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

2023க்குப் பிறகு என்ன ஆனது?

எரெஸ் மூடப்பட்டது. காசாவின் ஒரே புற்றுநோய் மருத்துவமனையான துருக்கி–பாலஸ்தீன நட்புறவு மருத்துவமனை எரிபொருள் தீர்ந்து 2023 நவம்பர் 1 அன்று செயலிழந்தது. டீசல் இல்லையென்றால் ஜெனரேட்டர் இல்லை. ஜெனரேட்டர் நின்றால் டயாலிசிஸ் இயந்திரமும் நிற்கும். சிறுநீரக நோயாளிகளுக்கு வாரம் மூன்று முறை செய்ய வேண்டியதை இரண்டாகக் குறைத்தார்கள், ஒவ்வொரு முறைக்குமான நேரத்தையும் குறைத்தார்கள். 2024 மே 7 அன்று எகிப்துப் பக்கம் இருந்த ரஃபா வழியும் அடைபட்டது. 2025 மார்ச் 2 முதல் பதினொரு வாரம் மருந்து உட்பட எந்தச் சரக்கும் உள்ளே போகவில்லை.

நீதிமன்றம் உத்தரவிட்டால் வழி திறக்குமா?

உத்தரவு மட்டும் போதாது. அஜர்பைஜானுக்குள் ஆர்மீனியர்கள் வாழ்ந்த நாகோர்னோ-கராபாக் பகுதியை ஆர்மீனியாவோடு இணைத்த ஒரே சாலையான லாச்சின் பாதை 2022 டிசம்பரில் தடைபட்டது. தடையற்ற போக்குவரத்தை உறுதிசெய்யுமாறு 2023 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் அஜர்பைஜானுக்கு உத்தரவிட்டது. ஏப்ரலில் அங்கே அஜர்பைஜானின் சோதனைச் சாவடி முளைத்தது.

காசா நோயாளிகளை வேறு நாடுகளுக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்துவிடாதா?

எகிப்தும் ஐக்கிய அரபு அமீரகமும் இன்னும் சில நாடுகளும் ஏற்றுக்கொண்டன. அது பெரிய உதவி. ஆனால் பட்டியலில் காத்திருப்போர் பத்தாயிரத்துக்கும் மேல். போனால் திரும்பி வர விடுவார்களா என்ற அச்சமும் பலருக்கு உண்டு. கிழக்கு ஜெருசலேமுக்கும் மேற்குக் கரைக்கும் போகும் பழைய வழியைத் திறக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறது. அங்கே மருத்துவர்கள் நோயாளியின் மொழியையே பேசுகிறார்கள், பழைய மருத்துவக் குறிப்புகளும் அங்கேயே இருக்கின்றன. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.