நீளும் கட் லீவரும் யார்டு வேலையும்: கனடாவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இது. கனடா வந்த கையோடு சரக்கு ரயிலில் கண்டக்டர் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டீர்கள். பெட்டிகளைப் பிரிக்கத் தூக்கும் கட் லீவர் சிலவற்றில் ஒரே கம்பியாக இருக்கிறது, சிலவற்றில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீள்கிறது. எதற்கு இந்த வித்தியாசம்? நீளும் வகை அடிக்கடி தூக்க வராமல் நிற்கிறது, கூட வேலை செய்கிறவர்கள் அவசரப்படுத்துகிறார்கள், என்ன செய்வது?

கண்டக்டர் என்றதும் வீட்டில் டிக்கெட் கிழிக்கிற வேலை என்று நினைத்திருப்பார்கள். விட்டுவிடுங்கள், விளக்கி முடிவதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிடும்.

லீவருக்கு வருவோம். வட அமெரிக்காவில் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதியதும் தானாகவே பூட்டிக்கொள்ளும். கை முட்டி போல மடங்கும் நக்கிள், அதற்குள் விழுந்து பூட்டும் ஒரு இரும்புக் கட்டி, இவ்வளவுதான் அடிப்படை. ஈலை ஜேனி என்பவர் 1873-ல் காப்புரிமை வாங்கிய வடிவத்திலிருந்து வளர்ந்தது இது. அதற்கு முன் வளையத்தைக் கையால் பிடித்து ஆணி செருகினார்கள். விரல் போனவர்கள் ஏராளம், உயிர் போனவர்களும் உண்டு. 1893-ல் அமெரிக்காவில் வந்த பாதுகாப்புச் சட்டம் இரண்டு விஷயங்களைக் கேட்டது: மோதினால் தானாகச் சேர வேண்டும், ஆள் இடையில் போகாமலே பிரிக்க முடிய வேண்டும். அந்த இரண்டாவதற்காகத்தான் உங்கள் கையில் இருக்கும் லீவர். எல்லை தாண்டிப் பெட்டிகள் தினமும் போய் வருவதால் இங்கேயும் அங்கேயும் ஒரே அமைப்புதான்.

லீவரின் கைப்பிடி பெட்டியின் பக்கவாட்டு ஓரத்தில், வெளியே நிற்கும் ஆளுக்கு எட்டுகிற மாதிரி இருக்கும். மறுமுனை நடுவில் இருக்கும் கப்ளரின், அதாவது நக்கிளும் பூட்டும் சேர்ந்த இணைப்பின், பூட்டைத் தூக்கும் உறுப்போடு இணைந்திருக்கும். கைப்பிடியைச் சுழற்றித் தூக்கினால் பூட்டு மேலேறும், நக்கிள் விடுபடும். சிக்கல் என்னவென்றால் கைப்பிடியைத் தாங்கும் பிராக்கெட் பெட்டியோடு அசையாமல் இருக்கிறது, கப்ளரோ சும்மா இருப்பதில்லை. வளைவில் பக்கவாட்டில் ஆடும், இழுக்கும்போது வெளியே வரும், தள்ளும்போது உள்ளே போகும். சாதாரணப் பெட்டியில் இந்த உள்வெளி ஓட்டம் சில அங்குலம்தான், அதைக் கம்பியில் இருக்கும் தளர்வே சமாளித்துவிடும். கார் ஏற்றும் பெட்டி, சேதமாகக்கூடிய சரக்கு போகும் பாக்ஸ்கார் போன்றவற்றில் அதிர்ச்சி தாங்க நீளமான ஹைட்ராலிக் அமைப்பு வைத்திருப்பார்கள். அங்கே கப்ளர் 10 அங்குலம், 15 அங்குலம் வரை நகரும். ஒரே துண்டுக் கம்பியாக இருந்தால் ஒன்று அது வளைந்து போகும், இல்லையென்றால் ஓடுகிற ரயிலில் தானே இழுபட்டுப் பூட்டைத் தூக்கிவிடும். இரண்டாவது நடந்தால் நடுவழியில் ரயில் இரண்டாகும்.

அதனால்தான் நீளும் லீவர். மடக்குக் குடையின் காம்பு மாதிரி ஒன்றுக்குள் ஒன்று சரியும். ஆனால் இதன் முக்கியமான சூட்சுமம் நீள்வதில் இல்லை. உள்ளே போகும் துண்டும் வெளியே இருக்கும் துண்டும் உருண்டையாக இல்லாமல் பட்டையாகவோ சதுரமாகவோ இருக்கும். அதனால் நீளவும் குறுகவும் செய்யலாம், ஒன்றை விட்டு ஒன்று தனியாகச் சுழல முடியாது. கப்ளர் எங்கே போய் நின்றாலும் நீங்கள் கைப்பிடியில் கொடுக்கும் சுழற்சி அப்படியே பூட்டுக்குப் போய்ச் சேரும். எவ்வளவு எளிமையாக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். எனக்கு இந்த லீவர்மேல் தனி மரியாதை உண்டு.

இனி மாட்டிக்கொள்வது பற்றி. தூக்க வரவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் லீவரில் இல்லை. பெட்டிகள் இழுபட்டு நிற்கும்போது பூட்டின்மேல் முழு இழுவிசையும் விழுகிறது. உங்களால் மட்டும் அல்ல, யாராலும் அதைத் தூக்க முடியாது. ரேடியோவில் இன்ஜினியரிடம் (ரயிலை ஓட்டுகிறவர்) கொஞ்சம் உள்ளே தள்ளச் சொல்லுங்கள், ஸ்லாக், அதாவது இணைப்பில் தளர்வு, வந்ததும் லீவர் லேசாக ஏறும். புதியவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்பட்டு முதுகை வைத்து இழுக்கிறார்கள். தோள்பட்டை போகிற வழி அதுதான். லீவரைக் காலால் உதைத்துத் தூக்குகிறவர்களையும் பார்ப்பீர்கள். அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது குளிர். பகலில் உருகிய பனி சரியும் துண்டுகளுக்குள் போய் இரவில் உறைந்துவிடும். அப்போது லீவர் சுழலும், ஆனால் நீளாது. அல்லது இரண்டுமே நடக்காது. முதலில் முன்னும் பின்னும் சின்னச் சின்னதாக அசைத்துப் பாருங்கள். அதற்கும் வரவில்லையென்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், வழி மாற்றுங்கள்.

அந்த வழியைத்தான் உங்களுக்குப் பயிற்சியில் வேகமாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பெட்டியின் முனையைப் பார்த்து நின்றால் லீவர் உங்கள் இடது பக்கம் இருக்கும். இரண்டு பெட்டிகள் எதிரெதிராக நிற்பதால் ஒன்றின் லீவர் இந்தப் பக்கம், மற்றதன் லீவர் அந்தப் பக்கம். இணைப்பில் இருக்கும் இரண்டு நக்கிள்களில் எதை விடுவித்தாலும் பெட்டிகள் பிரியும். ஆக இந்தப் பக்கத்து லீவர் உறைந்திருந்தால் அந்தப் பக்கத்து லீவர் இருக்கிறது. ஆபத்தும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பக்கம் போக மிகக் கிட்டமான பாதை இரண்டு பெட்டிகளுக்கு இடையே குனிந்து போவது. ஸ்லாக் ஓடி வர எந்த எச்சரிக்கையும் கிடையாது. வரிசையின் முனை வரை நடந்து சுற்றி வாருங்கள், அல்லது விதிப்புத்தகம் சொல்கிறபடி முழுப் பாதுகாப்பு வாங்கிக்கொண்டு கடந்து போங்கள். இன்ஜினியர் பிரேக் போட்டு, ரிவர்சரை (முன்னே, பின்னே என்று திசை மாற்றும் பிடி) நடுவில் வைத்து, ஜெனரேட்டர் ஃபீல்டை (இழுவிசைக்கான மின்சாரம்) அணைத்து, ரேடியோவில் உறுதி செய்த பிறகுதான் உடம்பில் எந்தப் பாகமும் உள்ளே. பிரேக் காற்றுக் குழாயான ஏர் ஹோஸ் பக்கத்து ஆங்கிள் காக்கை (காற்றை அடைக்கும் வால்வு) மூடக் கை நீட்டும்போதும் இதே கதைதான்.

நக்கிள் சரியாகத் திறக்காமல் நின்றால் கையால் திறக்க ஆசை வரும். அது சுமார் 36 கிலோ இரும்பு, அதைப் பிடித்திருக்கும் ஆணி கழன்றிருந்தால் காலில் விழும். பெட்டிகளை நன்றாக விலக்கி, பாதுகாப்பு வாங்கின பிறகு செய்யுங்கள்.

நீங்கள் ஒரு இடத்தில் குழப்பிக்கொண்டது போலத் தெரிகிறது. பழைய ஆட்கள் கையில் எடுத்துப் போகும் நீளும் கம்பு வேறு. அது பிரேக் ஸ்டிக். ஹேண்ட்பிரேக்கைத் தரையிலிருந்தே போடவும், கொக்கியால் லீவரைத் தூக்கவும் உதவும். உங்களுக்கு ஒன்று தந்தால் வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள்.

மேடு வைத்துப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் ஹம்ப் யார்டுக்கு மாற்றினால் வேலையின் தாளமே வேறு. மேட்டுக்குப் பெட்டிகளைத் தள்ளி ஏற்றி, உச்சியில் ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவார்கள். ரொறன்ரோவுக்கு வடக்கே வாஹனில் இருக்கும் மாக்மில்லன் யார்டு அப்படிப்பட்டது. அங்கே நகர்ந்துகொண்டிருக்கும் பெட்டியோடு நடந்தபடியே லீவரைத் தூக்க வேண்டும். கண் லீவரில் இருக்கும், கால் பனியில் இருக்கும். முதலில் நடைபாதையைப் பாருங்கள், பிறகு லீவரைத் தொடுங்கள்.

லீவர் வளைந்திருக்கிறதா, பிராக்கெட் உடைந்திருக்கிறதா, உள்துண்டு கழன்று தொங்குகிறதா, எதுவானாலும் பெட்டி எண்ணைக் குறித்துக் கார்மேனிடம் (பெட்டிகளைச் சோதித்துப் பழுது பார்ப்பவர்) சொல்லுங்கள். பாதுகாப்புச் சாதனக் குறை சின்ன விஷயமாகக் கணக்கில் வராது, பழுதுச் சீட்டு ஒட்டி ஒதுக்குவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஒரு ஃபோர்மேன், யாராவது பேடு ஆர்டர் (அந்தப் பழுதுச் சீட்டு) எழுதினால் முகம் சுளிப்பார். எழுதிய பையன்கள் யாரையும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவசரப்படுத்துகிறவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். புதுசாக வந்தவனுக்கு, அதுவும் ஆங்கிலம் கொஞ்சம் தட்டுத் தடுமாறினால், மந்தம் என்ற பெயர் வந்துவிடுமோ என்ற பயம் இருக்கும். அந்தப் பயம்தான் இடையில் குனிய வைக்கும். ரயில்வே மத்திய அரசின் சட்டத்துக்குள் வருகிறது. கனடா தொழிலாளர் சட்டத்தின் இரண்டாம் பகுதி, 128-ஆம் பிரிவு, ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையைப் பயிற்சியாளருக்கும் சேர்த்தே தருகிறது. சண்டை போட வேண்டியதில்லை. ரேடியோவில் ‘பாதுகாப்பு கேட்கிறேன், காத்திருக்கிறேன்’ என்று இரண்டு வார்த்தை சொல்லி நின்றுவிடுங்கள், பதில் வரும்வரை நகராதீர்கள். யூனியன் பிரதிநிதியின் நம்பரை இப்போதே போனில் போட்டுவையுங்கள். ஸ்பேர் போர்டில், அதாவது தேவைப்படும்போது கூப்பிடும் ஆட்கள் பட்டியலில், நள்ளிரவில் கூப்பிடும் காலத்தில் தேட நேரம் இருக்காது.