பழைய மாருதி 800-இல் டயருக்குக் காற்றடிக்கும் பம்பைச் செருகியதும் சிகரெட் லைட்டர் சாக்கெட் செத்துவிட்டது. புதிதாக இன்னொன்று போடலாமா?

பம்பைச் செருகியதும் போனது என்கிறீர்கள். அப்படியானால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். சிறிய பம்பே 10 ஆம்பியர் வரை இழுக்கும். எரிந்திருந்தால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். பெரியது போட்டால் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

புதிய ஃபியூஸும் உடனே போனால் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சில்லறைக் காசு விழுந்து ஷார்ட் ஆவது சகஜம். ஃபியூஸ் நன்றாக இருந்தும் வேலை செய்யவில்லையா? மல்டிமீட்டரில் சாக்கெட்டின் நடு முனைக்கும் வண்டியின் பாடிக்கும் இடையே 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தால் பெரும்பாலும் எர்த் (சாக்கெட்டை வண்டியின் பாடியோடு சேர்க்கும் இணைப்பு) கோளாறுதான். பழைய வண்டியில் எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் போதும்.

இன்னொரு சாக்கெட் தாராளமாகப் போடலாம். ஆனால் பழைய வயரிலிருந்து கிளை எடுக்காதீர்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்து, பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். ஃபயர்வாலை (இன்ஜின் அறைக்கும் வண்டியின் உட்பகுதிக்கும் நடுவே உள்ள தகரச் சுவர்) வயர் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.