பாட்டிகள் கட்டிய கூடு

வணக்கம். எட்டு வருடங்களாக ஆக்லாந்தில் இருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் நண்பர் நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி இனத்தவர். தன் மூன்று வயது மகளை 'கோஹங்கா ரேயோ' என்ற மாவோரி மொழி மழலையர் பள்ளியில் சேர்த்திருக்கிறார். அதன் வாசலைத் தாண்டினால் ஆங்கிலமே பேசக் கூடாதாம். அவர் வீட்டில் பேசுவதோ ஆங்கிலம்தான். இது குழந்தையைப் பின்னுக்கு இழுக்காதா? மாவோரியை ஒரு பாடமாகச் சொல்லிக் கொடுத்தால் போதாதா? அவரிடம் கேட்டால் மனம் புண்படுமோ என்று உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு வாசகர், ஆக்லாந்து

அன்புள்ள நண்பருக்கு,

அவரிடமே கேளுங்கள். ஆனால் அவருடைய பாட்டி எப்படிப்பட்ட பள்ளியில் படித்தார் என்பதை முதலில் கேளுங்கள்.

1867இல் நியூசிலாந்து அரசு மாவோரி ஊர்களில் பள்ளி திறக்கச் சட்டம் போட்டது. நிலத்தை ஊர் தர வேண்டும், செலவிலும் பங்கு தர வேண்டும். பாடம் மட்டும் ஆங்கிலத்தில். பள்ளி வளாகத்தில் தாய்மொழியில் வாய் திறந்து அடி வாங்கிய பிள்ளைகள் ஏராளம். அவர்கள் பெற்றோரானபோது, தம் பிள்ளையாவது அடி வாங்காமல் படிக்கட்டும் என்று வீட்டில் ஆங்கிலம் பேசினார்கள். பாசத்தால்தான் மொழி நின்றுபோனது. 1970களில் சரளமாக மாவோரி பேசியவர்களில் பெரும்பாலோர் நடுவயதினரோ முதியவர்களோதான்.

நீங்கள் சொல்வதைத்தான் மாவோரிகளும் முதலில் கேட்டார்கள். மாவோரியைப் பள்ளிகளில் பாடமாக்கக் கோரி 1972இல் 30,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு நாடாளுமன்றத்துக்கு மனு போயிற்று. ஆனால் வாரத்தில் சில மணி நேரம் படிக்கும் மொழியில் எந்தப் பிள்ளையும் பசிக்கிறது என்று அழுவதில்லை.

1982இல் வெலிங்டனுக்கு அருகே வைனுயோமாட்டாவில் முதல் கோஹங்கா ரேயோ திறந்தது. கோஹங்கா என்றால் கூடு, ரேயோ என்றால் மொழி. பெற்றோரிடம் மொழி இல்லை, பாட்டிகளிடம் இருந்தது. எனவே கைக்குழந்தைகளைப் பாட்டிகளிடம் விட்டார்கள். ஊட்டுவது, தாலாட்டுவது, அதட்டுவது எல்லாமே மாவோரியில். ஆங்கிலம் மேல் வெறுப்பால் வந்த விதியல்ல அது. ஆங்கிலம் தெருவில் இருக்கிறது, தொலைக்காட்சியில் இருக்கிறது, உங்கள் அலுவலகத்திலும் இருக்கிறது. யாரும் சொல்லித் தராமலே குழந்தையிடம் வந்து ஒட்டிக்கொள்ளும். மாவோரிக்கு இருப்பது அந்த நாலு சுவர்தான்.

என்னை இன்னும் அதிகமாக ஈர்ப்பது வேறொன்று. அங்கே முடிவெடுப்பது 'ஃபானௌ': பெற்றோர், தாத்தா பாட்டி, உற்றார் உறவினர் எல்லோரும் சேர்ந்த பெருங்குடும்பம். 1867இல் நிலம் கொடுத்தவர்களின் பேச்சு பள்ளியில் எடுபடவில்லை. இங்கே பள்ளியே அவர்கள் கையில்.

ஐந்து வயதில் ஆங்கிலப் பள்ளிக்குப் போன குழந்தைகள் கற்ற மொழியை மளமளவென்று தொலைத்தார்கள். பெற்றோர் சும்மா இருக்கவில்லை. 1985இல் உங்கள் ஊரின் மேற்குப் பகுதியில், ஹோவானி வைட்டிடி மராயில் (மராய் என்பது மாவோரிகளின் பொதுமன்றம்) அவர்களே மாவோரி வழித் தொடக்கப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். 1987இல் மாவோரி ஆட்சிமொழியானது. இத்தகைய பள்ளிகளை 1989இல்தான் சட்டம் ஏற்றது. மேல் வகுப்புகளில் ஆங்கிலமும் பாடமாக உண்டு.

எனக்குக் கவலை தருவது இந்தக் கூடுகளுக்கு நேர்ந்த கதி. 1990களின் தொடக்கத்தில் 800ஐத் தாண்டியிருந்த கோஹங்காக்கள், இருபது ஆண்டுகளில் 500க்கும் கீழே இறங்கின. கல்வி அமைச்சின் பொறுப்புக்குப் போனபின், மற்ற மழலையர் பள்ளிகளுக்கான அளவுகோலே இவற்றுக்கும் வந்தது. சான்றிதழ் பெற்ற ஆசிரியர்கள் நடத்தும் இடங்களுக்கே நிதி கூடுதலாகப் போயிற்று. பாட்டியின் வாயிலிருக்கும் மொழிக்கு எந்தப் பல்கலைக்கழகம் சான்றிதழ் தரும்? அரசின் கொள்கைகள் இவற்றைப் பாதித்தன என்று, அரசுக்கு எதிரான மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்கும் வைடாங்கி தீர்ப்பாயமே 2012இல் சொன்னது.

மாலையில் மகளை அழைக்கப் போகும்போது உங்கள் நண்பரும் ஆங்கிலத்தை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். மகளிடமிருந்து இதுவரை என்னென்ன சொற்கள் கற்றீர்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்