சான்றிதழ் எடுத்தால் வேலை கிடைக்குமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டர்பனில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்காணலிலும் உட்காருவேன். இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் சான்றிதழ்களைப் பற்றியவை.

மகன் மெட்ரிக் முடித்துவிட்டான், கம்ப்யூட்டர் வேலைக்குத்தான் போவேன் என்கிறான். ஒரே ஒரு பரீட்சைக்குத்தான் என்னால் பணம் கட்ட முடியும். ஏ ப்ளஸ், சிசிஎன்ஏ, கிளவுட் – இதில் எது? (ஒரு தாய், சாட்ஸ்வொர்த்)

அம்மா, முதலில் ஒன்றைக் கவனியுங்கள். ஏ ப்ளஸ் என்பது கம்ப்யூட்டர் சப்போர்ட்டுக்கான அடிப்படைச் சான்றிதழ், இரண்டு தாள்; இரண்டுக்கும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும். சிசிஎன்ஏ என்பது சிஸ்கோ கம்பெனியின் நெட்வொர்க் சான்றிதழ்; ஒரே தாள், இரண்டு மணி நேரம், 300 டாலர், வரி தனி. கட்டணம் டாலரில் இருப்பதால் ராண்ட் சரிந்தால் உங்கள் செலவு ஏறும். அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர் 100 டாலர்தான். ஆனால் அது கிளவுட் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்கள்) என்றால் என்ன என்று மேலோட்டமாகச் சொல்லும் பாடம். அதை மட்டும் நம்பி யாரும் சர்வரை ஒப்படைக்க மாட்டார்கள்.

நான் சிசிஎன்ஏ என்பேன். ஆனால் இப்போதே பணம் கட்டாதீர்கள். சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் என்ற நெட்வொர்க் பயிற்சி மென்பொருள் இலவசம். அதில் தினமும் ஒரு மணி நேரமாவது பழகட்டும். மூன்று மாதம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் தேதி வாங்குங்கள். அதற்குள் லேர்னர்ஷிப் (வேலையோடு சேர்ந்த படிப்பு) விளம்பரங்களையும் பார்த்துக்கொண்டே இருங்கள். அதில் மாதாமாதம் உதவித்தொகை வரும், முடிக்கும்போது என்க்யூஎஃப் (நம் நாட்டின் தேசியத் தகுதி வரிசை) தகுதியும் கிடைக்கும். சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட் போன்ற கம்பெனிச் சான்றிதழ்கள் பொதுவாக என்க்யூஎஃப் கணக்கில் வருவதில்லை. அரசு வேலை மனதில் இருந்தால் இது முக்கியம்.

பரீட்சையில் வரும் கேள்விகளை அப்படியே விற்கிறார்கள். மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் பாஸ் ஆகலாமாம். எல்லோரும் செய்கிறார்களே? (ஃபீனிக்ஸ்)

செய்யாதீர்கள் தம்பி. பிடிபட்டால் சான்றிதழைப் பறிப்பார்கள், மறுபடி எழுதவும் விடமாட்டார்கள். பிடிபடாவிட்டாலும் எங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நேர்காணலில் மேஜை மேல் இரண்டு ஸ்விட்ச், இரண்டு லேப்டாப் வைத்திருந்தேன். லேப்டாப் இரண்டும் ஒரே விலானில்தான் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க், எண் 20) இருந்தன, ஆனாலும் ஒன்றிலிருந்து மற்றதற்கு பிங் (இணைப்பைச் சோதிக்கும் செய்தி) போகவில்லை. இரண்டு ஸ்விட்சையும் இணைக்கும் டிரங்க் என்ற இணைப்பில் அந்த விலானை வேண்டுமென்றே அனுமதிக்காமல் விட்டிருந்தேன். முதலில் வந்தவரிடம் இரண்டு சான்றிதழ்கள் இருந்தன. ஸ்விட்சுக்குக் கட்டளை கொடுக்க உதவும் கன்சோல் கேபிளைக் கையில் எடுத்தவர், அதை எந்த போர்ட்டில் செருகுவது என்று தெரியாமல் ஸ்விட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வியர்த்துவிட்டது. எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அந்தப் பிள்ளை பணமும் நாளும் செலவழித்துத்தான் வந்திருந்தார்.

அடுத்து வந்த பெண் சிசிஎன்ஏ இன்னும் எழுதவே இல்லை. கேபிளைச் செருகி, ‘ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க்’ என்று தட்டினார். அனுமதித்த விலான்களின் வரிசையை விரலால் தொட்டுப் படித்தார். "இருபது இல்லையே" என்றார். ஒரு வரி சேர்த்தார், பிங் போய்விட்டது. அவரைத்தான் எடுத்தோம். பரீட்சைக் கட்டணத்தை அப்புறம் ஆபீஸே கட்டியது.

அதற்காகச் சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. நூறு விண்ணப்பம் வரும் இடத்தில் அனுபவம் இல்லாத பிள்ளையின் பெயர் கண்ணில் படுவதே சான்றிதழ் என்ற அந்த ஒரு வரியால்தான். நேர்காணல் வரை அது கொண்டுபோய் விடும். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு கைப்பழக்கம்தான் பேசும்.

டெஸ்க்டாப் சப்போர்ட்டில் 18 வருடம். வயது 45. சான்றிதழ் ஒன்றுமில்லை. செக்யூரிட்டிக்கு மாறலாமா? சிஐஎஸ்எஸ்பி எனக்கு எட்டுமா? (லெனேசியா)

எட்டும் அண்ணா. சிஐஎஸ்எஸ்பி என்பது அனுபவம் உள்ளவர்களுக்கான செக்யூரிட்டிச் சான்றிதழ்; அதற்குப் பரீட்சை மட்டும் போதாது. எட்டுப் பாடப்பிரிவுகளில் குறைந்தது இரண்டில் ஐந்து வருட வேலை அனுபவம் காட்ட வேண்டும். அனுபவம் குறைந்தால் பரீட்சையை முதலில் எழுதி, அசோசியேட் என்ற பெயரில் காத்திருக்கலாம். மீதி அனுபவத்தைச் சேர்க்க ஆறு வருடம் தருவார்கள்.

இந்த 18 வருடத்தில் யாருக்கு எந்த ஃபோல்டர் திறக்கலாம் என்று உரிமை கொடுத்திருப்பீர்கள். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கை மூடியிருப்பீர்கள். பேட்ச் (மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போட்டிருப்பீர்கள், பேக்கப் திரும்ப வருகிறதா என்று சோதித்திருப்பீர்கள். இதெல்லாம் செக்யூரிட்டி வேலைதான். "சப்போர்ட்" என்ற ஒரே சொல்லுக்குள் அதைப் புதைத்து வைக்காதீர்கள். எந்த வருடம், எந்த வேலை என்று இன்றே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். தனிநபர் தகவல் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. நீங்கள் செய்துவந்த இந்த வேலைகளுக்கு இப்போது ஆபீஸ்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஏடபிள்யூஎஸ்ஸா, அஸூரா?

ஏடபிள்யூஎஸ் அமேசானின் கிளவுட், அஸூர் மைக்ரோசாஃப்டின் கிளவுட். இரண்டுக்கும் இங்கே இடம் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2019 மார்ச்சில் நம் நாட்டில் டேட்டா சென்டர் திறந்தது, அமேசான் 2020 ஏப்ரலில் கேப் டவுனில் திறந்தது. நீங்கள் வேலை பார்க்கும் இடம், அல்லது போக நினைக்கும் இடம், எதை ஓட்டுகிறதோ அதை எடுங்கள்.

என் சிசிஎன்ஏ அடுத்த மாதம் காலாவதியாகிறது. விட்டுவிடலாமா? (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

விடாதீர்கள். என்னுடையதை ஒருமுறை வேலை மும்முரத்தில் விட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினேன். மூன்று வருடம் முடிவதற்குள் தொடர்கல்விப் புள்ளிகள் 30 சேர்த்தாலே புதுப்பித்துவிடலாம். ஒரு மாதத்தில் முடியாது என்றால் பரீட்சைக்கே தேதி வாங்குங்கள். மைக்ரோசாஃப்டின் அசோசியேட் சான்றிதழ்களுக்கு ஆயுள் ஒரு வருடம்தான், ஆனால் வீட்டிலிருந்தே இலவசமாகப் புதுப்பிக்கலாம்.

பரீட்சையை வீட்டில் எழுதுவதா, சென்டரில் எழுதுவதா என்றும் கேட்டிருந்தீர்கள். சென்டருக்கே போங்கள். பாதிப் பரீட்சையில் கரண்ட் போனால் ரவுட்டரும் சேர்ந்து அணையும். கண்காணிப்பவருக்கு விளக்கம் சொல்லக்கூட வழி இருக்காது. இரண்டு அடையாள அட்டை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.