ஆய்வக எலி எவ்வளவு தின்கிறது, எவ்வளவு குடிக்கிறது என்பதை இயந்திரம் சரியாகச் சொல்லுமா?

"24 மணி நேரத்துக்கு ஒருமுறை தீவனத்தையும் தண்ணீர்ப் புட்டியையும் எடை போட்டுக் கழித்தால் போதாதா? தானியங்கிக் கருவி எதற்கு? அது காட்டும் எண்ணை நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோலாலம்பூர்ப் பக்கம் ஓர் ஆய்வகத்தின் விலங்குக் கூடத்தில் 11 ஆண்டுகள் எலிகளோடு காலம் தள்ளியவன் நான். இப்போது சொந்த ஊரான சுங்கை சிப்புட்டுக்கே திரும்பிவிட்டேன். எங்கள் ஊர்ச் செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் எலிக்குத் தண்ணீர் அளந்து சம்பளம் வாங்கியதைச் சொல்லிச் சிரிக்காத உறவினர் இல்லை.

முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். ஒரு நாளின் மொத்தக் கணக்கு மட்டும் வேண்டுமென்றால் கையே போதும். வளர்ந்த எலி நாளுக்கு 15 முதல் 25 கிராம் தின்னும், 25 முதல் 40 மில்லி தண்ணீர் குடிக்கும். நல்ல தராசும் பொறுமையும் இருந்தால் இதைப் பிடித்துவிடலாம். சுண்டெலியிடம்தான் கை தடுமாறும். அது தின்பதே 3 முதல் 5 கிராம். பல்லால் சுரண்டி அரை கிராம் உதிர்த்துவிட்டால், தின்றதில் எட்டில் ஒரு பங்கு கணக்கு பிசகிவிடுகிறது. கூண்டின் அடியில் கிடக்கும் தூளைச் சலித்து, புழுக்கையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியை எடை போடுவது என் காலை வேலையாக இருந்தது. கருவி வந்த பிறகும் அந்தச் சல்லடைக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

கையால் ஒருபோதும் பிடிக்க முடியாதது நேரம். எலியின் நாள் விளக்கை அணைத்த பிறகுதான் தொடங்குகிறது. 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று வைத்தால், தீனியில் பெரும்பகுதி இருட்டில்தான் போகும். ஒரு மருந்தைக் கொடுத்ததும் குமட்டி, முதல் 3 மணி நேரம் எதையும் தொடாமல் கிடந்த எலி, விடியற்காலையில் சேர்த்து வைத்துத் தின்றுவிட்டால், காலை 8 மணித் தராசுக்கு அது ஒரு சாதாரண நாள். தீவனத் தொட்டியின் அடியில் எடை உணரி பொருத்தி, சில விநாடிகளுக்கு ஒருமுறை கணினியில் பதிந்தால் அந்த 3 மணி நேர வெறுமை கண்ணுக்குத் தெரியும். மொத்தத் தீனி குறைந்தால், வேளைகள் குறைந்தனவா, ஒவ்வொரு வேளையும் சிறுத்ததா என்றும் பிரித்துப் பார்க்கலாம். பசியே எடுக்காத எலியும், நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும் எலியும் ஒன்றல்ல. ஆனால் எத்தனை நிமிட இடைவெளி விட்டால் அடுத்த வேளை என்று முடிவு செய்வது நீங்கள்தான். 5 நிமிடத்தை 15 ஆக்கினால் கிராம் மாறாது, வேளைகளின் எண்ணிக்கை குறையும். இந்த வரம்பை ஆய்வறிக்கையில் எழுதாமல் விடுகிறவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

இனி நம்பிக்கை விஷயம். எங்கள் கூடத்தில் பாகற்காய்ச் சாற்றை வைத்து நீரிழிவு ஆய்வு ஒன்று நடந்தது. ஸ்ட்ரெப்டோசோடோசின் செலுத்தி நீரிழிவு வரவழைத்த எலி, சாதாரண எலியைப் போல மூன்று நான்கு மடங்கு தண்ணீர் குடிக்கும். சாறு கொடுத்த எலிகளில் மற்றவை மெல்லக் குறைத்துக்கொண்டிருக்க, ஏழாம் கூண்டு மட்டும் ஒரே இரவில் 110 மில்லி என்று காட்டியது. நீரிழிவு எலிதானே, குடிக்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாம் நாள் கூண்டை இழுத்துப் பார்த்தேன். எலி மரச்சுருளை ஒரு மூலையில் மேடாகக் குவித்திருந்தது. மேட்டின் உச்சி புட்டியின் குழாய் முனையை முட்டிக்கொண்டிருந்தது. சுருள் திரியைப் போலத் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி அடிவரை நனைந்திருந்தது. நீரிழிவு எலியின் கூண்டு மூத்திரத்தாலும் நனையும் என்பதால், சர்க்கரை பார்க்கும் சோதனைத் தாளை அந்த ஈரத்தில் ஒற்றினேன். நிறம் மாறவில்லை. எதிர் மூலை ஈரத்தில் ஒற்றியதும் கருத்துவிட்டது. மூன்று நாள் கணக்கைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. பொறுப்பில் இருந்தவர்கள் கருவியைத்தான் திட்டினார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. புட்டியிலிருந்து போனதை அது சரியாகவே சொல்லியிருந்தது.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "தராசுக்குப் பால் எது, மழை எது என்று தெரியுமா, ஐயா?" என்றார். 25 ஆண்டுகள் தோட்டத்தில் ரப்பர் மரத்துப் பால் வெட்டியவர். காண்டா வாளியைத் தோளில் சுமந்து பால் கொட்டகைக்குப் போனால், தோட்டக் கணக்கரான கிராணி எடையை எழுதியதோடு விடமாட்டாராம். கொஞ்சம் பாலை எடுத்துத் தண்ணீர் கலந்து, பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை அதில் மிதக்கவிட்டு அளவைப் படிப்பாராம். பாலில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மரத்தில் பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் மழை விழுந்தால் எடை கூடும், ரப்பர் கூடாது.

எலிக்கும் ஒரு மெட்ரோலாக் உண்டு: நக்குமானி. 1951-லேயே ஹில், ஸ்டெல்லர் என்ற இருவர் மின்னணுக் கருவியாக இதை விவரித்து எழுதிவிட்டார்கள். நாக்கு குழாய் முனையைத் தொடும்போதெல்லாம், எலி உணராத மெல்லிய மின்னோட்டம் சுற்றை நிறைவு செய்யும். கருவி அதை ஒன்று, இரண்டு என எண்ணும். எலி விநாடிக்கு ஆறேழு முறை நக்கும். ஒரு நக்குக்கு ஏறக்குறைய 5 மைக்ரோலிட்டர் என்றால், 30 மில்லிக்கு 6,000 நக்குகள், கால் மணி நேர வேலை. நக்கே பதியாமல் புட்டியின் எடை மட்டும் இறங்கினால் அது ஒழுகல். நீங்கள் கருவி வாங்குவதாக இருந்தால், எடை, நக்கு இரண்டையும் பதிவதையே கேளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. புதுக் கூண்டுக்கு எலி பழகச் சில நாட்கள் விடுங்கள், அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எலி கூட்டமாக வாழும் பிராணி. தனியே அடைத்தாலே அதன் தீனி மாறலாம். தோலுக்கடியில் அரிசியளவு அடையாளச் சில்லு வைத்து, தொட்டிக்கு வந்தது யார் என்று அறியும் கருவி கிடைத்தால் சேர்த்தே வளர்க்கலாம். எடை உணரி குளிர்சாதனக் காற்றிலும் அதிர்விலும் மெல்ல நழுவும். வாரம் ஒருமுறை தெரிந்த எடைக்கல்லை வைத்துச் சரிபாருங்கள். நம் ஊர் இடிமழைக்கு மின்சாரம் போகும். பிற்பகல் 3 மணிக்குப் போனால் எலி தூங்குகிறது, இழப்பு கொஞ்சம். இரவு 8 மணிக்குப் போனால் அன்றைய கணக்கின் உயிரே போய்விடும். அதனால் மாற்று மின்கலம் கட்டாயம்.

எலியே இல்லாத கூண்டு ஒன்றிலும் புட்டி மாட்டி வையுங்கள். காலையில் அதில் எத்தனை மில்லி குறைந்திருக்கிறதோ, அதை மற்ற எல்லாக் கூண்டிலும் கழித்துக்கொள்ளுங்கள்.