வெளிமானும் புள்ளிமானும் ஒன்றா? வெளிமானை எங்கே பார்க்கலாம்?

"புள்ளி இல்லாத புள்ளிமானைத்தான் வெளிமான் என்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, இரண்டும் வேறு வேறு. எல்லாவற்றையும் மான் என்றே கூப்பிடுவதால் வருகிற குழப்பம் இது. புள்ளிமானின் கொம்பு கிளை கிளையாகப் பிரியும், உதிர்ந்து திரும்ப முளைக்கும். வெளிமானின் கொம்பு பிரியாது, உதிராது. உள்ளே எலும்பு, அதன் மேல் நகத்தைப் போன்ற உறை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருப்பது மாதிரியான கொம்புதான். உறவு பார்த்தாலும் வெளிமான் ஆடு மாடுகளின் வகையில்தான் வரும். கொம்பு திருகித் திருகி மேலே போவதால் திருகுமான் என்றும் சொல்வார்கள். சங்கப் பாடல்களில் வரும் 'இரலை' இதுதான் என்பது பலருடைய கருத்து.

எனக்குப் பிடித்த பெயர் வெளிமான்தான். இந்த விலங்கின் குணம் முழுக்க அந்த 'வெளி'யில் இருக்கிறது. முதல் முறை கோடியக்கரைக்குப் போனபோது நான் மரத்தடியிலும் புதர் ஓரத்திலும் தேடிக்கொண்டிருந்தேன். கூட வந்த வழிகாட்டி, "அங்க ஏன் சார் பாக்குறீங்க, வெட்டவெளியைப் பாருங்க" என்றார். திரும்பினேன். கடலோரப் புல்வெளியில், ஒளிவதற்கு ஒரு செடிகூட இல்லாத இடத்தில், இருபதுக்கு மேல் நின்றிருந்தன. ஒளிந்துகொள்வது இதன் வழக்கம் இல்லை. வருகிற ஆபத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட வேண்டும், பார்த்ததும் ஓட வேண்டும். அதற்குத் திறந்த நிலம் வேண்டும்.

உருவம் சிறியதுதான். தோள் உயரம் சுமார் 80 சென்டிமீட்டர், கிடா சராசரியாக 35 முதல் 40 கிலோ வரை இருக்கும், பெட்டை அதைவிட இளைத்தது. பெட்டையும் குட்டியும் காய்ந்த புல்லின் நிறம். கிடாவுக்கு வயது ஏற ஏற முதுகும் கழுத்தும் கறுத்துக்கொண்டே போகும், வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் மட்டும் வெள்ளையாகவே நிற்கும். நம் பக்கம் கன்னங்கரேல் என்ற கிடா அபூர்வம். பெரும்பாலும் அடர் பழுப்போடு நின்றுவிடும். அதனால் நிறத்தை நம்பாதீர்கள், கொம்பைப் பாருங்கள். பெட்டைக்குப் பொதுவாகக் கொம்பு கிடையாது.

அன்று தொலைநோக்கியில் ஒரு கிடாவை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கை வானத்துக்குத் தூக்கி, கொம்பு முதுகில் சாயும்படி, வாலைச் சுருட்டிக்கொண்டு மெதுவாக நடந்தது. கண்ணுக்குக் கீழே ஒரு சுரப்பி கறுப்புப் பிளவாகத் திறந்திருந்தது. ஒரு காய்ந்த குச்சியின் நுனியைத் தேடிப் பிடித்து, மை தீட்டிக்கொள்வது போல அவ்வளவு நிதானமாக அந்தப் பிளவை அதில் தேய்த்தது. அப்புறம் பத்தடி நடந்து, பழைய புழுக்கைக் குவியலை முகர்ந்துவிட்டு அதன் மேலேயே புழுக்கை போட்டது. இந்த இடம் என்னுடையது என்று அது போடுகிற வேலி அவ்வளவுதான். குஜராத்தின் வேலாவதர் புல்வெளியில் இப்படிப் பல கிடாக்கள் பக்கத்துப் பக்கத்தில் சின்னச் சின்ன இடங்களைப் பிடித்து நிற்கும். பெட்டைகள் அவற்றின் நடுவே நடந்து வந்து துணையைத் தேர்ந்தெடுக்கும். இடம் கிடைக்காத கிடாக்கள் தனிக் கூட்டமாகத் திரியும்.

மிரண்டால் முதலில் ஒன்று துள்ளும், அடுத்தது துள்ளும், பிறகு கூட்டமே துள்ளிவிட்டு ஓட்டம் எடுக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துத் துரத்திய சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுவிட்டதாக 1952-இல் அறிவித்தார்கள். கோடியக்கரையில் இப்போது குட்டிகளுக்கு எமன் நரிதான்.

ஆனால் எனக்கு அதிகம் கவலை தருவது சீமைக்கருவேலம். புல்வெளியை அது மூடிக்கொண்டே வருகிறது. அதன் நெற்றை வெளிமானே விரும்பித் தின்கிறது, விதை புழுக்கையோடு விழுந்து முளைக்கிறது. தன் நிலத்தைத் தானே அடைக்கிறோம் என்று அதற்கு எப்படித் தெரியும்? 'வெறும் பொட்டல்தானே, மரம் நடலாம்' என்று நல்ல மனதோடு கிளம்புகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்: அந்தப் பொட்டலில் குடியிருக்கிற உயிர் இருக்கிறது. கோடியக்கரையில் இது போதாதென்று காட்டுக் குதிரைகளும் அதே புல்லுக்கு வருகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மான்களும் குதிரைகளும் சேர்ந்தே மாண்டன.

சரி, எங்கே பார்ப்பது? 1967-இல் அறிவிக்கப்பட்ட கோடியக்கரை சரணாலயம், தூத்துக்குடி மாவட்டத்தில் வல்லநாடு, சத்தியமங்கலம் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு, சென்னையில் கிண்டி. கோடியக்கரையில் புள்ளிமானும் இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். காலையில் சீக்கிரம் போங்கள், இல்லையென்றால் வெயில் தாழ்ந்த பிறகு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு இது. துரத்திப் படம் எடுக்க நினைக்க வேண்டாம்.

இன்னொன்று. புல்லுக்குள் குட்டி மட்டும் அசையாமல் படுத்திருந்தால் அநாதை என்று நினைத்துத் தூக்கிவிடாதீர்கள். தாய்தான் அப்படி மறைத்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கும். வந்த வழியே திரும்பிவிடுங்கள். நீங்கள் போகட்டும் என்று தூரத்தில் அது நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.